ஓடாத லாரியில் சூடான கம்பி

திண்டிவனம் சாலையில் நின்றுபோன என் லாரியில் ஒரு பெண் மெக்கானிக் சோதனைக் கருவியைச் செருகினாள். ஒயர் கருகும் வாசனை வந்தது. தீப்பிடிக்குமோ என்று மூன்றடி தள்ளி நின்றேன். அதே வாசனையை எட்டு வயதில் முகர்ந்திருக்கிறேன்.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஓட்டிய லாரிக்கு ஆயுத பூஜைக்காக அடிச்சட்டம் வரை பெயிண்ட் அடித்திருந்தார்கள். மறுநாள் வல்லத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை ஏற்றினார்கள். எண்ணினேன், நூற்றிருபது மூட்டை. ஆனால் வண்டி முனகியதே தவிரக் கிளம்பவில்லை; ஒயர் கருகும் வாசனைதான் வந்தது.

முதலாளி கத்தினார். "இன்ஜின ஜாம் பண்ணிட்டியே! சாவிய வச்சிட்டு வேற வேல பாரு."

நைனா ஓடிப்போய் மெக்கானிக் அந்தோணியைக் கூட்டிவந்தார்.

அந்தோணி எதையும் கழற்றவில்லை. "இன்னொருவாட்டி ஸ்டார்ட் பண்ணுண்ணே" என்றபடி, இன்ஜினை நிறுத்த இழுக்கும் மெல்லிய கம்பியைத் தொட்டார். உடனே கையை உதறிச் சிரித்தார்.

"ஓடாத வண்டியில இது இன்னாத்துக்கு சுடுது?"

நானும் தொட்டேன். சுட்டது.

"இன்ஜின் நல்லாத்தான் இருக்குது மொதலாளி. பேட்டரிக்குக் கரண்ட் திரும்புற எர்த் ஒயர பெயிண்ட் மேலயே முடுக்கிட்டாங்க. பெயிண்ட் கரண்ட விடாது. வழியில்லாம அது இந்தக் கம்பியில பூந்து போவுது."

எர்த் ஒயரைக் கழற்றி, இரும்பு பளிச்சிடும்வரை பெயிண்டைச் சுரண்டி, மறுபடி முடுக்கினார். நைனா பொத்தானை அழுத்தினார். லாரி உறுமியது, தரை அதிர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று வழி தேடி அலைந்ததை ஒரு கை தொட்டே கண்டுபிடித்துவிட்டது!

"சரி சரி, மழைக்குள்ள போய்ச் சேரு" என்றார் முதலாளி, எங்கோ பார்த்தபடி. நைனா பதிலுக்கு ஹாரனை நீளமாக அடித்தார்.

"ஸ்டார்ட் பண்ணுண்ணா" என்கிறாள் இந்தப் பெண் என்னிடம், அந்தோணியைப் போலவே. இந்த வயதிலும் எனக்குச் சிலிர்க்கிறது.