மில்லி அக்கா கேட்ட இரண்டு மணி நேரம்

பெண்கள் வார்டில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸாக இருக்கிறவர். நோயாளிக்குள் போகும் தண்ணீரையும் வெளியே வருவதையும் அளந்து அளந்தே 'மில்லி அக்கா' ஆகிவிட்டார். டீக்கடையிலும் "எனக்கு நூறு மில்லி போதும்" என்பாராம். ஊர் ஊராகச் சுற்றித் திரும்பிய நான் ஓரிடத்தில் உட்காருகிறவள் அல்ல. அம்மாவின் கட்டிலருகே மூன்று நாள் என்னை உட்காரவைத்தது அவருடைய பேச்சுதான்.

அம்மாவுக்குச் சின்ன ஆபரேஷன்; சிறுநீர்க் குழாயோடு படுத்திருந்தாள். போன வருஷமும் இப்படித்தான். குழாயோடு வீட்டுக்கு வந்த மூன்று வாரமும் வாசலைத் தாண்டவில்லை. பஸ் நிலைய டிக்கெட் கவுண்டரில் நாளெல்லாம் வாயாடுகிறவள், யாரிடமும் பேசவில்லை. இந்தத் தடவையும் அதே பயம்.

சனிக்கிழமை காலை குழாய் அடைத்துக்கொண்டது. மில்லி அக்கா புதியது மாற்றினார். அம்மாவுக்கு வலிக்கக் கூடாதென்று மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைத் தாராளமாகப் போட்டார். குழாயில்லாமல் தானாகவே போக முடிகிறதா என்று உடனே சோதனை. குழாய் வழியாகச் சிறுநீர்ப் பையில் முந்நூறு மில்லி தண்ணீர் நிரப்பி, குழாயை எடுத்து, கழிப்பறைக்கு அனுப்பினார்கள். வந்தது தொண்ணூறுதான்.

"ரெண்டு வாரம் குழாயோட இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் நகர்ந்தார்.

அம்மா என்னிடம் முனகினாள்: "வந்துச்சா நின்னுச்சான்னே தெரியலடி. அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

அது காதில் விழுந்து மில்லி அக்கா நின்றார். "ஐயோ, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!"

டாக்டரை எட்டிப் பிடித்தார். "தப்பு என்மேலதான் டாக்டர். ஜெல்லை அள்ளிப் போட்டுட்டு உடனே டெஸ்ட் வெச்சுட்டேன். மரப்பு போகட்டும், மறுபடி குழாய் போடாம ரெண்டு மணி நேரம் குடுங்க."

"நீங்களே உங்களைப் போட்டுக் குடுக்கிறீங்களே, சிஸ்டர்!"

"அவங்க குழாயோட வீட்டுக்குப் போவாங்க, நான் ஜம்முனு டீ குடிக்கப் போவேனா?"

டாக்டர் சிரித்துத் தலையசைத்தார்.

காத்திருந்தபோது மில்லி அக்கா எனக்கு விளக்கினார்: "பை அமுக்கினா மட்டும் போதாது கண்ணு. தண்ணி ஓடுறதை அந்தப் பாதை உணரணும். 'இன்னும் இருக்கு, விடாதே'ன்னு அதுதான் சேதி அனுப்பும். பாதை மரத்துக் கிடந்தா, பை பாதியிலயே கடையைக் கட்டிடும்."

இரண்டாவது தடவை, கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "வருதுடி! நல்லாத் தெரியுது!"

ஸ்கேனில் பார்த்தால் பையில் மீதி முப்பது மில்லிதான். அன்றைக்கே குழாயில்லாமல் கிளம்பினோம்.

நன்றி சொல்லப் போனேன். "எதுக்கு? தப்பு பண்ணினதுக்கா?" என்றார்.

அதைச் சொன்னதற்கு. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால், எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.