டப்பாவின் எடை

கீழ்வீட்டு அக்கா பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தேறாதவர். ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கும் வேலையில் இருந்தார். பாஸ் செய்தால் ஆய்வகத்தில் வேலை தருவதாக அங்கே சொல்லியிருந்தார்கள். தனித்தேர்வுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, பொறியியல் படித்தவள் என்று என்னைத் தேடி வந்தார். நான் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. அதை அப்போது ஒரு குறையாக நினைக்கவுமில்லை.

அவருக்குத் தடுமாற்றமெல்லாம் எக்ஸில்தான்.

"நம்பர் இருக்க வேண்டிய எடத்துல எழுத்து எதுக்கு வருது பாப்பா?"

கையால் தொட்டுப் பார்த்தால் புரிந்துவிடும் என்று முடிவு செய்து பட்டியல் போட்டேன். ஒன்று, ஒரே அளவில் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாக்கள், அவைதான் எக்ஸ். இரண்டு, கோலிக்குண்டுகள், அவை எண்கள். மூன்று, தராசு, அது சமக்குறி. நான்காவதாக 'அக்காவுக்குப் புரியும்' என்று எழுதி, எதிரே டிக் போட ஒரு கட்டமும் வரைந்துவைத்தேன்.

சிம்மக்கல்லில் மொத்தக் கடைக்காரரிடம் கோலிக்குண்டு கேட்டேன்.

"எம்புட்டு வேணும்? புள்ளைகளுக்காம்மா?"

"இல்லண்ணே, பத்தாவது பரீட்சைக்கு."

"அட, இதுக்கும் பரீட்சை வச்சுட்டாய்ங்களா!"

தராசு அக்காவுடையது. அவர் வீட்டுக்காரரின் மளிகைக் கடைக்கு மின்தராசு வந்தபின் பரணில் கிடந்ததைத் துடைத்து எடுத்து வந்தார். அதைக் கொக்கியில் மாட்டினேன். இடது தட்டில் இரண்டு டப்பாவும் மூன்று குண்டும். டப்பாவுக்கு நான்கு குண்டுகளை முன்பே உள்ளே ஒளித்திருந்தேன். வலது தட்டில் பதினொரு குண்டுகள்.

"ரெண்டு பக்கமும் சமம், பாருங்கக்கா."

கையை எடுத்ததும் இடது தட்டு சரேலென்று இறங்கியது.

முள்ளை ஊதினேன். மின்விசிறியை நிறுத்தினேன். குண்டுகளை மறுபடி எண்ணினேன். தராசு ரொம்பப் பழசு என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

அக்கா தராசையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ஏ பாப்பா, நீ தடை கட்டலையே?"

எண்ணெய் வாங்க வருகிறவர் கொண்டுவரும் பாத்திரத்துக்கு ஈடாக எதிர்த்தட்டில் கல் வைப்பதைத்தான் கடையில் தடை கட்டுவது என்பார்கள். நான்கு வருடம் பொறியியல் படித்த எனக்கு, வெறும் டப்பாவுக்கும் எடை உண்டு என்பது தோன்றவேயில்லை.

அக்கா இரண்டு காலி டப்பாக்களை எடுத்து வலது தட்டில் வைத்தார். முள் நேராக நின்றது.

"இப்ப இங்கிட்டு மூணு குண்ட எடுத்தா அங்கிட்டும் மூணு எடுக்கணும். எட்டு நிக்கும். டப்பாவுக்கு நாலு. இம்புட்டுத்தானா? இதுக்கா என்னைய ரெண்டு தடவ பெயிலாக்குனாய்ங்க?"

கட்டத்தில் டிக் போட்டேன். கொஞ்சம் பெருமையாகத்தான் போட்டேன்.

பரீட்சை முடிந்து பழங்காநத்தம் பஸ் ஸ்டாப்பில் இறங்கியவரின் முகம் சரியில்லை.

"எக்ஸ் வந்துச்சாக்கா?"

"வந்துச்சு. மைனஸ் மூணுன்னு வந்துச்சு. டப்பாக்குள்ள மைனஸ் மூணு குண்டு எப்படி இருக்கும்? தப்புன்னு அடிச்சுட்டேன்."

அதுதான் சரியான விடை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்றரை மாதத்தில் மைனஸ் என்ற சொல்லே என் வாயிலிருந்து வந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அக்கா எனக்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். அதன்பின் அவர் கண்ணில் படாமலிருக்க, பின்பக்கப் படிக்கட்டில் ஏறி இறங்கினேன்.

முடிவு வந்த அன்று அவரே மாடியேறி வந்தார். மயிரிழையில் தேறியிருந்தார்.

"நீ சொல்லிக்குடுத்ததுல போனது போக, மிச்சத்துல பாஸாயிட்டேன்" என்று ஒரு டம்ளர் பாயசத்தை நீட்டினார்.

வாங்கிக் குடித்தேன்.