அக்கா வாசிக்காத பக்கம்

போலாரத்தில் நான் போகும் தேவாலயத்தின் இசைக்குழுவில் டிராம்போன் வாசிப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர், நான் அக்கா என்று கூப்பிடும் பள்ளி ஆசிரியை. மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் ரயில்வே குடும்பம். இன்னொருவன் நான், நாகர்கோவிலிலிருந்து ஹைதராபாத் மாதாப்பூருக்கு வேலைக்கு வந்தவன். பழகிய பாட்டை ஒழுங்காக வாசிப்பேன். புதிய இசைத்தாளைக் கையில் கொடுத்தால் பாதியில் நின்றுவிடுவேன். அதைச் சரிசெய்யத்தான் சனிக்கிழமை காலைகளில் அக்கா வீட்டில் டூயட் வாசிக்க ஆரம்பித்தோம். தாளை முன்கூட்டிப் பார்க்கக் கூடாது, தப்பு வந்தாலும் நிற்கக் கூடாது, தடுமாறினால் மற்றவர் வாசிப்பதைக் கேட்டுச் சேர்ந்துகொள்ள வேண்டும் என்றார் அக்கா.

போன மழைக்காலத்தில் என் மனைவி இறந்துபோனாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆறாவது நாள். அடக்கம் முடிந்து ஊர்க்காரர்கள் திரும்பிப் போனார்கள். நான் ஆபீசுக்குப் போனேன். மூன்றாவது சனிக்கிழமை டிராம்போன் பெட்டியோடு அக்கா வீட்டு வாசலில் நின்றேன். அன்று சனிக்கிழமை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அக்கா எதுவும் விசாரிக்கவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு ஒரு புதுப் புத்தகத்தை ஸ்டாண்டில் விரித்தார். மூன்று பக்க டூயட். கண் தாளில் ஓடியது, கை டிராம்போனின் ஸ்லைடுக் குழாயை நகர்த்தியது. எங்கும் நிற்காமல் முடித்தேன்.

“ஒரு தப்புகூட இல்ல தம்பி” என்றார்.

தலையாட்டினேன்.

“ரெண்டாம் பக்கம் முழுக்க நான் வாசிக்கவே இல்ல. தெரிஞ்சுதா?”

தெரியவில்லை. வெட்கமாவது வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

“ஸாரி கைக்கு? நக்கோ” என்றார், எதற்கு, வேண்டாம் என்று ஹைதராபாத் உருதுவில். “நான் மூச்சு வாங்க நிறுத்தினேன். நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருந்தீங்க.”

அந்தப் பக்கத்தை மறுபடி வாசிக்கலாமா என்று கேட்டேன். வாசித்தோம். இந்த முறை அவர் வாசிப்பதைக் கேட்க முயன்றேன். நான்காவது வரியில் இடம் தவறி நின்றுவிட்டேன். அக்காவும் நிறுத்தினார்.

“வீட்டுல நான் வாசிக்க உக்காந்தா அவதான் எந்திச்சுப் போய் கதவைச் சாத்துவா” என்றேன். “இப்பம் தெறந்தேதான் கெடக்கு.”

அக்கா டிராம்போனைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே போய் இரண்டு பேருக்கும் உப்புமா எடுத்துவந்தார். சாப்பிட்டேன். உப்புப் போதுமா என்று கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது எந்தத் தாளைக் கொடுத்தாலும் வாசிக்கிறேன். குழுவில் பாராட்டுகிறார்கள். நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுக்கிறேன். சனிக்கிழமைகளில் அக்கா சொல்லாமலே நடுவில் தன் வாசிப்பை நிறுத்திப் பார்க்கிறார். சில வாரம் எனக்குத் தெரிகிறது. சில வாரம் தெரிவதில்லை.