அடங்கிய கைகள்

முத்தையாபுரத்தில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வெயிலில் கறுத்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்குக் கீழே நின்று கை காட்டுவது அவர் வேலை. அன்று சூப்பர்வைசர் பதவிக்கு இன்டர்வியூ.

“பேசும்போது கையை ஆட்டக் கூடாதாம் அண்ணாச்சி. முன்னேறணும்னா அடக்கணும்னு பயிற்சி வகுப்புல சொல்லுதாவ. வீட்டுலயும் இப்படித்தான் உக்காந்து பழகுதேன்.”

“பழகிட்டா?” என்றேன்.

“பழகிட்டு. அதான் பயமா இருக்கு. நேத்து கண்டெய்னர் மேல தொங்குது, கீழ ஒருத்தன் வாரான். நிறுத்தச் சொல்லிக் கை தூக்கணும். கை உடனே எந்திரிக்கல. நல்லவேளை, அவனே ஒதுங்கிட்டான்.”

இறங்கும்போதும் கைகளை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தார்.

பதவி கிடைத்ததா, தெரியாது. கண்டெய்னர் அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்தால், கீழே நிற்பவரின் கையைத்தான் இப்போதும் தேடுகிறேன்.