சாமி கேட்காத விரதம்

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று எவரோ சொல்லிவைத்துவிட்டுப் போனார். அந்த ஆள் கையில் கிடைத்தால் கமலவேணி சும்மா விடமாட்டாள். காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை அங்கன்வாடியில் பதினோரு வருடமாக ஊர்ப் பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக் கொடுக்கிறவள் அவள். மாதம் தவறாமல் எடை போடுவாள். குறைந்திருந்தால் தாய்க்காரியைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்குவாள். அந்தக் கமலவேணியின் வீட்டில்தான், பிளஸ் டூ படிக்கும் மகள் சங்கீதா ஒன்றரை வருடமாகத் தேய்ந்துகொண்டிருந்தாள்.

காஞ்சிபுரத்தில் பட்டினி கிடக்கக் காரணத்துக்கா பஞ்சம்? முதலில் வெள்ளிக்கிழமை. பிறகு சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம், சங்கடஹர சதுர்த்தி. எண்ணிப் பார்த்தால் அந்தப் பெண் சாப்பிட்ட நாள்தான் குறைவு. ஒருத்தராவது ஏனென்று கேட்டார்களா? "இந்த வயசுல என்னா பக்தி!" என்று தெருவே மெச்சியது. கமலவேணியும் பூரித்துப்போய் அங்கன்வாடிக்கு வரும் தாய்மாரிடமெல்லாம் சொன்னாள்.

ஒருநாள் குமரகோட்டம் முருகன் கோயிலில் பிராகாரம் சுற்றும்போது சங்கீதா மயங்கி விழுந்தாள். "இது பக்தி இல்லம்மா, நோய். சாப்பாட்டைக் கண்டாலே பயப்பட வைக்கும். சாமி பேரைச் சொல்லி ஒளிஞ்சுட்டு இருந்திருக்கு," என்றார் மனநல டாக்டரம்மா. கமலவேணிக்கு முதலில் டாக்டர் மேல்தான் கோபம் வந்தது. தளர்ந்த நாடியையும் நின்றுபோன மாதவிலக்கையும் அவர் எடுத்துச் சொல்லச் சொல்ல, அந்தக் கோபம் திரும்பி அவள் தலையிலேயே விழுந்தது.

ஐந்து மாத வைத்தியம். மூன்று வேளைச் சாப்பாடு, நடுநடுவே மூன்று தரம் நொறுக்குத் தீனி. விரதம் அறவே கூடாது. சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் யாராவது கூடவே உட்கார வேண்டும். தட்டு சுவரில் பறந்த நாளும் உண்டு. அப்பன் மயில்வாகனம் தறியை நிறுத்திவிட்டு வந்து, மகளுக்கு எதிரில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டான். இப்போதுதான் உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது.

ஆடிக் கிருத்திகை அன்று மத்தியானம், சங்கீதா தட்டின் முன் உட்கார்ந்த நேரம் பார்த்து மயில்வாகனத்தின் அக்கா துர்காதேவி வந்து சேர்ந்தாள்.

"கன்னமெல்லாம் பூசினாப்ல ஆயிடுச்சே! கிருத்திகை அன்னிக்குமா சோறு? ஒரு வேள விட்டா ஒண்ணும் ஆவாதும்மா. சாமி குத்தம் ஆயிடப் போவுது."

சங்கீதாவின் கை அப்படியே நின்றது. கமலவேணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குத்தம் வந்தா எனக்கு வரட்டும் அண்ணி! எம் பொண்ணு எலும்பும் தோலுமா கெடந்தாளே, எந்தச் சாமி வந்து சோறு வாணாம்னு கேட்டுச்சு? கேட்டது நீங்கல்லாம்தான்!"

"இன்னாடி, வாய் நீளுது?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க!" சங்கீதா தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "அத்த, நீங்க வெளிய போய் உக்காருங்க. நீங்க பாத்துக்கினு இருந்தா எனக்கு எறங்காது."

அத்தையை எதிர்த்துப் பேசியறியாத பெண். துர்காதேவி முகம் சிறுத்து எழுந்து போனாள். "அப்டிச் சொல்லுடி என் கண்ணு," என்று கமலவேணி மகள் பக்கம் திரும்பினாள்.

"நீ மட்டும் என்னாம்மா? எம் பொண்ணு பச்சத் தண்ணிகூட குடிக்க மாட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்ச. அன்னிக்கி ஒரு வாட்டி இப்டிக் கத்தியிருக்கலாம் இல்ல?"



"ஆமாம்மா," என்றாள் கமலவேணி. "கத்தியிருக்கணும்."

சங்கீதா அழுதுகொண்டே சோற்றைப் பிசைந்தாள். தட்டு காலியாக முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை கமலவேணி மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.