டிங்கி அண்டாத ரத்தம்

எனக்கு இரண்டு முறை டிங்கிக் காய்ச்சல் வந்திருக்கிறது. ஒரே வீடு, ஒரே கொசு. என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. கோலா பிலா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவர் அவர். நான் ஆஸ்பத்திரியில் முனகிக்கொண்டு கிடந்தபோது, பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "எங்க பரம்பரை ரத்தத்துக்கு டிங்கி வராது லா. இவ வீட்டு ரத்தம்தான் வீக்" என்று பீற்றிக்கொண்டு நின்றார். கையில் ஊசி மட்டும் ஏற்றியிருக்காவிட்டால் எழுந்துபோய் ஒன்று வைத்திருப்பேன்.

அந்தத் திமிரில்தான் கொல்லையில் மழைத் தண்ணீர் டிரம்களை மூடாமல் வைத்திருந்தார். தோட்டத்தில் குழாய் அடிக்கடி நின்றுவிடும். லாரி கழுவத் தண்ணீர் வேண்டுமாம். நான் கவிழ்த்து வைத்தால், மேகம் கறுத்ததுமே ஓடிப்போய் நிமிர்த்தி வைப்பார்.

மகளுக்கு வளைகாப்பு முடிந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே என்று நான் புதுக்கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டேன். மந்தினில் இருக்கும் சம்பந்தியம்மா போனில் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்ல டிங்கி குடியிருக்கு. புள்ளைய அனுப்ப மாட்டோம்."

எனக்கு வயிறு எரிந்தது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"அவ உடம்புல ஓடறது என் ரத்தம். கொசு என்ன பண்ணும்?" என்றார் வீட்டுக்காரர்.

அந்தச் சமயம் பார்த்து கோயில் மண்டபத்துக்கு ஒரு பெண் டாக்டர் வந்தார். ஒரே வீட்டில் ஒருவரை டிங்கி படுக்கையில் தள்ளுகிறது, இன்னொருவரைத் தொடுவதில்லை; இதில் மரபணுவுக்கு என்ன பங்கு என்று ஆராய ரத்தம் கேட்டார். என் ஆள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதலில் போய் உட்கார்ந்தார். சில வாரம் கழித்து டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"அங்கிள், உங்களுக்கும் டிங்கி வந்திருக்கு. ரத்தத்துல அடையாளம் இருக்கு. காய்ச்சல் காட்டாமலே போயிருச்சு. உங்க ஜீன் காரணமா இருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது."

"பாத்தியா! வந்தும் ஒண்ணும் கிழிக்க முடியல!" என்று என் பக்கம் திரும்பினார்.

"ஆனா அப்ப உங்களைக் கடிச்ச கொசு பிறகு ஆண்டியைக் கடிச்சிருந்தா, அவங்களுக்கு அதுலயே வந்திருக்கலாம்."

அட பாவி மனுஷா!

"அப்ப என் மகளுக்கு?" என்று கேட்டேன்.

"உங்ககிட்ட பாதி, அங்கிள்கிட்ட பாதி. எது எப்படி வேலை செய்யும்னு யாருக்கும் தெரியாது, ஆண்டி. புள்ளத்தாச்சிக்கு ஆபத்து ஜாஸ்தி."

அவர் வீடு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குப் போய் எல்லா டிரம்மையும் கவிழ்த்தார். பிறகு அவரே சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டார். "தங்கச்சி, டிங்கி குடியிருந்தது என் மேலதான் போல. எல்லாத்தையும் கொட்டிட்டேன். நீங்களே வந்து பாருங்க."

சம்பந்தியம்மா நிஜமாகவே வந்து, செடி வைத்த பூச்சட்டியின் அடித்தட்டைக்கூடத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மகளை அனுப்பினார். மகள் வாசலில் இறங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு கொசுவலை வாங்கினேன். ஒன்றை மகள் கட்டிலுக்குக் கட்டினேன். இன்னொன்றைக் கூடத்தில், அவர் மத்தியானத் தூக்கம் போடும் இடத்தில்.

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் ஒண்ணும் வராதே."

"உங்களுக்கு வராதுங்க. உங்ககிட்ட இருந்துதான் வரும். உள்ளே போங்க" என்றேன்.