சௌந்திரம் வீட்டுக்கு அடியில்

நாமக்கல்லுக்கு வெளியே, பழைய குப்பைமேட்டை ஒட்டிய கடைசி வீடு சௌந்திரத்துடையது. அவள் கணவர் சென்னிமலை லாரி ஓட்டியவர். விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல், மேட்டுப்பக்கத்து அறையில் படுத்த படுக்கையாகிவிட்டார். ஈக்கும் நாற்றத்துக்கும் பயந்து அந்த அறை ஜன்னலை அவள் திறப்பதே இல்லை.

போன கோடையில் குப்பைமேட்டைக் களிமண் கொட்டி மூடினார்கள். ஈ ஒழிந்தது, நாற்றமும் போயிற்று. இனி நிம்மதி என்றிருந்தாள். ஆனால் ஐப்பசி மழையில், வேலியோரக் கறிவேப்பிலை ஈரத்தில் நின்றபடியே காய்ந்தது. பூச்சியென்று மருந்து ஊற்றிப் பார்த்தாள். பிழைக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவர் கட்டிலருகே கொசுவத்தி கொளுத்தத் தீக்குச்சி உரசினாள். கட்டிலடியில், தண்ணீர்க்குழாய் தரையைத் துளைத்து வரும் இடத்தில், நீலச்சுடர் ஒன்று குப்பென்று எழுந்தது. போர்வை பற்றிக்கொண்டது.

"நீ வெளிய ஓடீரு, புள்ள!" சென்னிமலை கத்தினார்.

"உங்கள உட்டுப்போட்டு எங்கீங்க ஓடறது?"

போர்வையை உருவி எறிந்து, அவரை விரிப்போடு வாசலுக்கு இழுத்தாள். கால் வெந்திருந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் நகராட்சிப் பொறியாளர் பிரபாகர் வாயு அளக்கும் கருவியோடு வந்து தரை விரிசல்களைச் சோதித்தார்.

"மக்குற குப்பையில மீத்தேன் வாயு உண்டாகும்மா. முன்னே மேலயே போயிரும். இப்ப மேல களிமண்ணு, சுத்தியும் மழை ஈரம். மேல வர வழியில்லாம, அடியில சரளை வழியா பக்கவாட்டுல நகர்ந்து உங்க வீட்டுக்குள்ள ஏறுது. அது காத்தைத் தள்ளிட்டதாலதான் வேர் மூச்சுமுட்டிச் செத்திருக்கு."

"நாத்தமே இல்லீங்களே?"

"மீத்தேனுக்கு வாசமில்லம்மா. ஜன்னலைச் சாத்தாதீங்க. உள்ள தீ மூட்டவே கூடாது."

"வேற ஊடு போலாமுன்னா, படுக்கையில கெடக்கறவருக்கு ஆருங்க ஊடு தருவாங்க?"

பிரபாகர் கருவியைப் பையில் வைத்தார்.

தை மாதம் வேலியோரம் ஆழமாகப் பள்ளம் வெட்டி, ஜல்லி நிரப்பி, வாயு வெளியேறக் குழாய்கள் நட்டார்கள். அறையில் எச்சரிக்கைக் கருவியும் மாட்டினார்கள். வெயில் நாளில் அது சத்தமில்லாமல் இருக்கிறது. பெருமழை பிடித்தால் அலறுகிறது. உடனே அவரை வெளியேற்ற வேண்டும். வெளியிலோ மழை. கட்டிலுக்குச் சக்கரம் வைத்து, வாசலில் தகரக் கூரையும் போட்டாள். அலறல் ஓயும்வரை இருவரும் அதனடியில்தான்.

"எனக்காவ நீயும் மாட்டிக்கிட்டயே," என்றார் அவர், சாரலில் நனைந்தபடி.

மறுத்துச் சொல்வாள் என்று எதிர்பார்த்தார்.

"ஆமாங்க, மாட்டிக்கிட்டேன்," என்றாள் சௌந்திரம். முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னாள். பிறகு அவர் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள்.